சிறு நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒன்பது மாதம்: சேம்பரிங் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்டமளிப்பு விழாப் படம் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஏறிவிடும். "எங்க வீட்லயும் ஒரு லாயர் வந்தாச்சு" என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் வழக்கறிஞர் ஆகவில்லை. படிப்புக்கும் கறுப்பு அங்கிக்கும் நடுவே ஒன்பது மாதப் பயிற்சி இருக்கிறது. சட்டம் இதைப் 'பியூப்பிலேஜ்' என்கிறது. பேச்சு வழக்கில் எல்லாருக்கும் இது சேம்பரிங்தான்.

சேம்பரிங் என்றதும் கோலாலம்பூரின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தைப்பிங், தெலுக் இந்தான், சுங்கைப்பட்டாணி, சிரம்பான், குளுவாங் போன்ற ஊர்களிலும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். கடைவீதியில் மாடிப்படி ஏறிப் போகும் அலுவலகம், இரண்டு மூன்று வழக்கறிஞர்கள், நான்கைந்து கிளார்க்குகள் என்ற அளவில் இருக்கும் இடங்கள் அவை. பேராவில் அப்படி ஓர் அலுவலகத்தில்தான் நானும் பயிற்சி முடித்தேன். அங்கே என்ன நடக்கும், என்ன கிடைக்கும், எதைக் கேட்காமல் சேரக்கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். இதில் சொல்லப்படுவது தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

யார் சேரலாம்?

1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம்தான் இதற்கு அடிப்படை. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டம் பெற்றவர்கள் நேராகச் சேம்பரிங் போகலாம். இங்கிலாந்தில் பாரிஸ்டர் தகுதி பெற்றவர்களும் போகலாம். தனியார் கல்லூரியில் இருந்தபடி லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் படித்தவர்கள் சிஎல்பி தேர்வில் தேற வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இந்த வழியில்தான் வருகிறார்கள். சிஎல்பியில் ஐந்து தாள்கள்: பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில்முறை நடைமுறை. பட்டப் படிப்பில் நன்றாகத் தேறியவர்கள்கூட இங்கே ஓரிரு ஆண்டுகளை இழந்திருக்கிறார்கள். சிஎல்பி முடிவு வரும் முன்பே 'பிள்ளை லாயர்' என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

பயிற்சி தருபவரை மாஸ்டர் என்பார்கள். அவர் தொடர்ந்து குறைந்தது ஏழு ஆண்டுகள் தொழில் செய்துவரும் வழக்கறிஞராக இருக்க வேண்டும். பயிற்சி மாணவரை வழக்கறிஞராக ஏற்கும்படி உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கல் செய்யப்படும். படிப்புச் சான்றிதழ்கள், நன்னடத்தைக்கு இரண்டு சான்றுகள், மலாய்மொழித் தகுதிக்கான ஆதாரம் எல்லாம் அதற்குத் தேவை. எஸ்பிஎம் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் வழக்கறிஞர்களுக்கான மலாய்மொழித் தகுதித் தேர்வை எழுதியாக வேண்டும். இங்கிலாந்திலேயே படித்துத் திரும்பிய சிலர் கடைசி நேரத்தில் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. மனுவைப் பற்றிய அறிவிப்பு நீதிமன்றங்களில் மூன்று மாதம் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லலாம்.

பணம்தான் முதல் கேள்வி

வெளிப்படையாகப் பேசினால், நம் குடும்பங்களுக்குப் பெரிய சுமை இந்த ஒன்பது மாதத்தின் பணம்தான். பயிற்சி மாணவருக்குக் கிடைப்பது அலவன்ஸ். பட்டதாரிச் சம்பளம் என்று அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. தொகை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்கள் கொடுப்பதைச் சிறு நகரத்தில் எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு விதியைப் பல பெற்றோர் அறிவதில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துமூலமான சிறப்பு அனுமதி இல்லாமல், பயிற்சிக் காலத்தில் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. பகுதி நேர வேலைக்கும் இது பொருந்தும். மாஸ்டர் தரும் பணத்தைப் பெறத் தடையில்லை. மாலையில் டியூஷன் எடுப்பது, வார இறுதியில் கடையில் நிற்பது என்று பல்கலைக்கழகக் காலத்தில் சமாளித்த பிள்ளைக்கு அந்த வழி அடைபடுகிறது. பிடிபிடிஎன் கடனோ எம்ஐஇடி கடனோ தலைக்குமேல் இருக்கும். தம்பியோ தங்கையோ படித்துக்கொண்டிருப்பார்கள். "படிச்சு முடிச்சும் இன்னும் காசு கேட்கிறியே" என்று ஒரு நாள் வாய் தவறி யாராவது சொல்லிவிடுவார்கள். பயிற்சியைப் பாதியில் விட்டு வேறு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் சட்டம் புரியாமல் போனவர்கள் அல்ல.

சிறு நகரத்தின் முதல் லாபம் இங்கேதான். வீட்டிலிருந்து போய் வரலாம், வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில். கோலாலம்பூரில் கூடுதலாகக் கிடைக்கும் அலவன்ஸ் அறை வாடகைக்கும் பெட்ரோலுக்கும் டோலுக்கும் போய்விட்டால் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆனால் சிறு நகரத்தில் வண்டி இல்லாமல் முடியாது. காலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பதினோரு மணிக்கு நில அலுவலகம், மதியம் வேறு ஊர் என்று ஓட வேண்டியிருக்கும். பஸ்ஸை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. பெட்ரோல், டோல் செலவை அலுவலகம் திருப்பித் தருமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று மாதம் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஓடியவன் நான்.

முதல் வாரங்கள்

பெரும்பாலோருக்கு முதல் வாரம் ஏமாற்றமாகவே இருக்கும். பக்கங்களுக்கு எண் போடுவது, நகல் எடுப்பது, கோப்பைத் தேடுவது, நீதிமன்றப் பதிவகத்தில் வரிசையில் நிற்பது. "இதுக்கா நாலு வருஷம் படிச்சேன்?" என்று தோன்றும். ஆனால் ஒரு கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒழுங்காக அடுக்கியவருக்கு வழக்கின் கதை தானாகவே விளங்கிவிடும். முதல் கடிதம் எப்போது போனது, எதிர்த்தரப்பு எத்தனை நாள் பதில் தரவில்லை, எந்த இடத்தில் நம் தரப்பு சறுக்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சிறு அலுவலகத்தில் உண்மையான வாத்தியார் பெரும்பாலும் மூத்த கிளார்க்தான். இருபது, முப்பது ஆண்டு அதே நாற்காலியில் இருந்தவர். நிலம் கைமாறும்போது 14ஏ படிவம், வங்கிக்கு அடமானம் வைக்கும்போது 16ஏ, தனியார் கேவியட் போட 19பி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எந்த முகப்பில் எந்த அதிகாரி எதைக் காரணம் காட்டிப் படிவத்தைத் திருப்பி அனுப்புவார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். "அக்கா, இத எப்படிப் போடறது?" என்று கேட்கத் தெரிந்த மாணவர் இரண்டு மாதத்தில் தேறிவிடுவார். பட்டம் வாங்கிய மிடுக்கில் அந்த அக்காவை வேலை ஏவியவர் ஒன்பது மாதம் முடிந்தும் முத்திரை வரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாமல் நிற்பார்.

இன்று பெரும்பாலான தாக்கல்கள் மின்னியல் முறையில் நடக்கின்றன. கோவிட் காலத்துக்குப் பிறகு தேதி குறிப்பிடும் விசாரணைகள் பல இணையம் வழியே முடிந்துவிடுகின்றன. நீதிமன்றப் படியில் காத்திருந்து மூத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வாய்ப்பு அதனால் குறைந்திருக்கிறது. சாட்சி விசாரணை நடக்கும் நாள்களில் மாஸ்டரோடு நேரில் போய் உட்கார அனுமதி கேட்க வேண்டும். சிறு அலுவலகங்களில் அதற்கு அநேகமாக யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

கதவைத் திறந்து வருபவர்கள்

கோலாலம்பூரின் பெரிய நிறுவனத்தில் பயிற்சி மாணவர் பல மாதம் ஒரு கட்சிக்காரரையும் நேரில் பார்க்காமல் இருக்கலாம். பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்தில் நாற்பதாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். சிறு நகரத்தில் முதல் நாளே யாராவது எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாஸ்டர் நீதிமன்றத்தில் இருப்பார். வந்தவர் தமிழில்தான் பேசுவார். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவரும் நீங்கள்தான்.

அதிகம் வருவது சாலை விபத்து வழக்குகள். தோட்டத்திலிருந்து பிரதான சாலைக்குத் திரும்பும் முனையில் லாரி மோதிய மோட்டார் சைக்கிள்காரர், கால் எலும்பில் கம்பி வைத்த பையன். போலீஸ் புகார், விபத்து நடந்த இடத்தின் வரைபடம், மருத்துவ அறிக்கை ஆகிய மூன்றையும் வாங்குவது மாணவரின் வேலை. மோட்டார் விபத்து இழப்பீட்டை எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதால், இந்த வழக்குகள் அந்தந்த வட்டாரத்திலேயே நடக்கும். காயத்துக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுக் கெடு. இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தின் கோரிக்கைக்கு மூன்றே ஆண்டு. அரசாங்க வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் 36 மாதம். துக்கத்தில் இருந்த குடும்பம் நான்காம் ஆண்டில் கோப்போடு வந்து நிற்கும்போது, "காலம் கடந்துவிட்டது" என்று சொல்ல வேண்டிய நிலை வரும். பயிற்சி மாணவர் கற்கும் மிகக் கடினமான வாக்கியம் அது.

வேலை நீக்கத்துக்கு இன்னும் குறுகிய கெடு. நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிட வேண்டும். "மேனேஜர் திரும்பக் கூப்பிடுறேன்னு சொன்னார், அதான் காத்திருந்தேன்" என்று 70ஆம் நாள் வருபவர்கள் உண்டு.

அடுத்தது குடும்ப விவகாரம். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டுப் பதிவு செய்யாத தம்பதிகள், பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எடுக்கும்போதும் பிரியும்போதும் தவிக்கிறார்கள். ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால் பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு. மனுவை எழுதுவது சுலபம். அதற்கு முன்பு அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை.

பிறகு இறந்தவர் சொத்து. தாத்தா பெயரில் வீடு, தாத்தா போய் இருபது வருடம், நிலப்பட்டா இன்னும் அவர் பெயரிலேயே. நான்கு பிள்ளைகளில் ஒருவர் இறந்து, அவர் பிள்ளைகள் வேறு மாநிலத்தில். சட்ட மொழியில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கும் எஸ்டேட் என்றுதான் பெயர். "உங்கள் தந்தையின் எஸ்டேட் தொடர்பாக" என்று கடிதம் போனதும், "எங்கப்பா எஸ்டேட்ல வேலைதான் பார்த்தாரு, அவருக்கு ஏது எஸ்டேட்டு?" என்று தொலைபேசியில் கேட்டவர் உண்டு. சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதன்பிறகு அப்படிப்பட்ட கடிதம் போகும்போதெல்லாம் தமிழில் ஒருமுறை தொலைபேசியில் விளக்கிவிடுவது என் வேலையாயிற்று.

தமிழ் தெரிந்தவரின் பொறுப்பு

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கல்லூரியில் ஒரு தாழ்வு மனப்பான்மை ஏற்படுவது இயல்பு. சக மாணவர்களின் ஆங்கிலம் சரளமாக இருக்கும். சிறு நகர அலுவலகத்தில் நிலைமை தலைகீழ். தமிழ் பேசி, மலாயில் எழுதி, ஆங்கிலத்தில் தீர்ப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே மிகவும் வேண்டப்பட்டவர். நீதிமன்ற ஆவணங்கள் தேசிய மொழியில் இருக்க வேண்டும் என்பதால் மலாய் நன்றாக எழுதுபவருக்குத் தனி மதிப்பு.

இதில் ஆபத்தும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் சத்தியப் பிரமாணத்தில் கைரேகை வைக்கும்போது, உள்ளே இருப்பது அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டப்பட்டது என்று சான்று எழுத வேண்டும். கூட வந்த மகன் அவசரப்படுத்துவார்: "அம்மாவுக்கு எல்லாம் தெரியும், நீங்க சைன் வாங்குங்க தம்பி." அங்கே மசியக்கூடாது. மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பாட்டியிடம் தனியாக, "பாட்டி, இதுல கைநாட்டு வச்சா வீடு பெரியவர் பேருக்குப் போயிடும். சம்மதமா?" என்று கேட்க வேண்டும். "ஐயோ, கடனுக்குக் கையெழுத்துன்னுல்ல சொன்னான்" என்று பாட்டி சொல்லிவிட்டால், அன்று அந்தக் கோப்பு நகராது. மாஸ்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல மாஸ்டர் என்றால் கோப்பை மூடிவைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டுப் பேசுவார்.

இன்னொன்று. வருபவர்கள் உங்களை "லாயர் ஐயா", "லாயரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். "இல்லைங்க, நான் இன்னும் பயிற்சியில இருக்கேன், எங்க மாஸ்டர்தான் லாயர்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும். தகுதி பெறாதவர் வழக்கறிஞராக நடப்பது குற்றம். சொந்தக்காரர் திருமணத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கும் சட்ட ஆலோசனைக்கும் இதே பதில்தான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

பயிற்சியில் மூன்று மாதம் முடிந்ததும் 'ஷார்ட் கால்' கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் நீதிபதியின் அறையில் நடக்கும் விண்ணப்பங்களில் தோன்றலாம். மாஜிஸ்திரேட் முன்பு வழக்கைக் குறிப்பிடலாம், ஒத்திவைப்புக் கேட்கலாம். சாட்சிகளை விசாரித்து முழு வழக்கு நடத்த முடியாது. சிறு நகர மாணவர் இதை அதிகம் பயன்படுத்துகிறார். அலுவலகத்தில் ஆள் குறைவு, ஒரே காலையில் இரண்டு ஊர்களில் வழக்கு இருக்கும். ஒன்றுக்கு மாஸ்டர் போனால் மற்றதற்கு மாணவர். முதல் தடவை எழுந்து நிற்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும், சொந்தப் பெயரே தவறும். மாஜிஸ்திரேட்டுகளுக்கு இது பழக்கம்தான். பெரும்பாலோர் பொறுமையாக இருப்பார்கள்.

சட்ட உதவிப் பணியும் பயிற்சியின் ஒரு பகுதி. மாநிலந்தோறும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இயங்குகிறது. கைது, தடுப்புக் காவல், ஜாமீன் ஆகிய கட்டங்களில் இலவசமாக வழக்கறிஞர் கிடைக்க, வைபிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் செயல்படுகிறது. காலையில் நீதிமன்ற லாக்கப்புக்குப் போய், வழக்கறிஞர் இல்லாமல் நிற்பவர்களிடம் பேசுவது மாணவரின் வேலை.

கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நிற்பவர்களில் நம் பையன்கள் இருப்பார்கள். பத்தொன்பது, இருபது வயது. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள், பழைய இரும்புத் திருட்டு, அடிதடி. "அண்ணே, ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுடுவாங்களா?" என்பதுதான் அநேகமாக எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. போதைப்பொருள் பயன்படுத்திய குற்றத்துக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம் என்பதும், அதற்குப் பிறகும் கண்காணிப்புக் காலம் உண்டு என்பதும், பதிவு கூடவே வரும் என்பதும் அவனுக்குத் தெரியாது. பத்து நிமிடத்துக்குள் அதைப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்வதா மறுப்பதா என்பது அவன் முடிவு. ஒத்துக்கொண்டால் தண்டனையைக் குறைக்கும்படி பேச விவரம் வேண்டும்: எவ்வளவு சம்பளம், வீட்டில் யார் யார், முன் குற்றம் உண்டா, அம்மாவுக்கு என்ன நோய். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் லாக்கப்பில் அவன் பேசுவது உங்களிடம்தான்.

இந்த வேலையைச் சுமையாக நினைத்துக் கையெழுத்துக்காக மட்டும் போகும் மாணவர்களும் உண்டு. எனக்கு அந்த ஒன்பது மாதத்தில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

எந்த அலுவலகத்தில் சேரக்கூடாது?

எல்லாச் சிறு நகர அலுவலகமும் நல்லது என்று சொல்வது பொய். சில இடங்களில் மாணவர் சம்பளம் குறைந்த டெஸ்பேட்ச். ஒன்பது மாதமும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு மனுவையும் தானாக எழுதாமல் முடித்தவர்கள் இருக்கிறார்கள். சில இடங்களில் வீடு, நிலம் வாங்கல் விற்றல் மட்டுமே நடக்கும். நீதிமன்றப் பக்கமே போக மாட்டார்கள். வழக்காட விரும்புபவர் அங்கே சேர்ந்தால் காலம் வீண்.

விபத்து வழக்குகளில் புரோக்கர்கள் நடமாடும் அலுவலகத்தைத் தவிர்க்க வேண்டும். மருத்துவமனை வார்டிலேயே குடும்பத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவரும் ஆள்களை நம் மக்கள் நன்றாக அறிவார்கள். அப்படி ஆள் பிடிப்பதும், வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கு போடுவதும் தொழில் விதிகளுக்கு முரணானவை. அங்கே பழகும் மாணவர் இதுதான் தொழில் என்று நம்பிவிடுவார். கட்சிக்காரர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துக் கையாளும் ஒழுங்கும் ஒரு நல்ல அடையாளம். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் நாளைக்குச் சிக்கல் வரும்.

சேரும் முன் மாஸ்டரை நேரில் பார்த்துச் சிலவற்றைக் கேட்டுவிடலாம். அலவன்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில்? பயணச் செலவு யாருடையது? நீதிமன்ற வேலை எவ்வளவு, அலுவலக வேலை எவ்வளவு? பயிற்சி முடிந்து அங்கேயே வேலை கிடைக்க வாய்ப்பு உண்டா? ஏற்கெனவே அங்கே பயிற்சி முடித்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பது அதைவிடப் பலன் தரும். மாஸ்டர் தமிழராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என் மாஸ்டர் சீனர். இரவு ஏழு மணிக்கு நான் எழுதிய வரைவைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று ஒவ்வொரு வரிக்கும் விளக்குவார்.

பயிற்சி ஒத்துவராவிட்டால் மாஸ்டரை மாற்றிக்கொள்ளவும் முடியும், வழக்கறிஞர் மன்றத்தின் அனுமதி வேண்டும். திட்டுவதும் பயிற்சியின் பகுதிதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேலையைத் திட்டலாம். அவமானப்படுத்துவதும், அலவன்ஸை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும், பெண் பிள்ளைகளிடம் எல்லை மீறுவதும் பயிற்சி ஆகாது. மாநில வழக்கறிஞர் குழுவிடம் புகார் செய்யலாம். 'மாஸ்டர் கடைசியில் சான்றிதழ் தரமாட்டாரோ' என்ற பயத்தில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. வீட்டில் முகம் வாடி வரும் பிள்ளையிடம் பெற்றோர்தான் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிறு நகரத்தில் தொடங்கினால் சிறு நகரத்திலேயே முடிந்துவிடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. ஈப்போவில் வழக்காடிய சீனிவாசகம் சகோதரர்கள் நாடு அறிந்த வழக்கறிஞர்களாகவும் அரசியல் தலைவர்களாகவும் இருந்தார்கள். 1969இல் காலமான டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரில் அங்கே பூங்கா இன்றும் இருக்கிறது. பெரிய வணிக ஒப்பந்தங்கள், பங்குச் சந்தை, வங்கித்துறைச் சட்டம் என்று போக நினைப்பவருக்குத் தலைநகரம்தான் சரியான இடம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை சிறு நகரத்துக்கு வருவதே இல்லை.

அங்கி போடும் நாள்

ஒன்பது மாதம் முடிந்ததும் மாணவர் ஊக்கமாகப் பயின்றார் என்று மாஸ்டர் சான்றிதழ் தர வேண்டும். இதற்குள் வழக்கறிஞர் மன்றத்தின் தொழில் ஒழுக்க வகுப்பை முடித்திருக்க வேண்டும். பிறகு உயர் நீதிமன்றத்தில் தேதி குறிக்கப்படும். இதற்கு 'லாங் கால்' என்று பெயர். தேதிக்குக் காத்திருக்கும் வாரங்களையும் வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலர் ஒன்பது மாதத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள்.

அன்று கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்து நிற்க வேண்டும். இங்கே விக் கிடையாது. மாணவருக்காக ஒரு வழக்கறிஞர் எழுந்து மனுவை முன்வைத்து, அவருடைய பின்னணியைச் சொல்வார். சட்டத்துறைத் தலைவர், வழக்கறிஞர் மன்றம், மாநில வழக்கறிஞர் குழு ஆகியோரின் பிரதிநிதிகள் ஆட்சேபம் இல்லை என்பார்கள். நீதிபதி மனுவை ஏற்பார். தலைநகரில் ஒரே காலையில் பலரை ஏற்கும்போது பேச்சு சுருங்கிவிடும். சிறிய ஊர்களில் ஆள் குறைவு என்பதால் நேரம் கிடைக்கும். அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா கேண்டீனில் வேலை செய்தவர் என்பதைச் சொல்ல விரும்பினால், முன்வைக்கும் வழக்கறிஞரிடம் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேச்சு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பெற்றோருக்கு முழுதும் புரியாமல் போகலாம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நல்லது. கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள், உள்ளே படம் எடுக்கக்கூடாது. படமெல்லாம் வெளியே படிக்கட்டில்தான்.

அதோடும் முடியவில்லை. ஆண்டுச் சான்றிதழ்களும் தொழில் காப்புறுதியும் எடுத்த பிறகுதான் வழக்கு நடத்த முடியும். அதுவரை, அங்கி போட்ட மறுநாளும், அதே மேசையில் அதே கோப்புகள்தான். "லாயர் ஆயாச்சு, இனி என் கேஸை நீயே பாருப்பா" என்று வரும் மாமாவிடம் இன்னும் சில வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.